படத்தில் வராத வாட்ச்மேன்

லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தான் லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். இந்த எளிய உண்மையை வேலையில் சேரும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஊரார் சௌகரியமாக மேலே போய் வருவதற்காக முப்பத்தாறு வருஷம் படியேறிப் படியேறி இரண்டு முழங்காலையும் தேய்த்துவிட்டு, நாலு வருஷத்துக்கு முன் வீட்டோடு உட்கார்ந்தேன். உட்கார்ந்தவனுக்கு எதிரே டிவி இருந்தது. வினை அங்கே ஆரம்பித்தது.

என் மனைவி நர்ஸ். வார்டில் எல்லோருக்கும் பெரிய சிஸ்டர். நான் வீட்டோடு உட்கார்ந்த அதே மாதம் அவளை மத்தியான ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். ஒரு மணிக்குக் கிளம்பினால் திரும்பி வர ஒன்பது ஆகும். அதனால் ஏழரை மணி சீரியல் அவள் கையை விட்டுப் போயிற்று. வேறு எதை விட்டாலும் விடுவாள், அந்த சீரியலை விட மாட்டாள். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உருவானது. ஏழரைக்கு நான் பார்ப்பேன். ஒன்பதுக்கு அவள் வந்து, வெந்நீர் வாளியில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, "ம், சொல்லுங்க" என்பாள். நான் சொல்வேன்.

முதல் இரண்டு மாதம் உள்ளது உள்ளபடி சொன்னேன் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துகொள்கிறேன்.

பிறகு அந்தப் பால் டம்ளர் வந்தது. மூத்த மருமகள் கையில் பால். பாலில் விஷம். மாடியில் மாமனார். திங்கட்கிழமை அவள் முதல் படியில் கால் வைத்தாள். புதன்கிழமை நாலாவது படி. வெள்ளிக்கிழமை ஏழாவது படியில் நின்று, கேமராவைத் திரும்பிப் பார்த்து, தொடரும் போட்டுவிட்டாள். அந்த வீட்டுக்கு ஒரு லிஃப்ட் போட்டிருந்தால் இருநூறு எபிசோட் மிச்சமாகியிருக்கும். தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன்.

அன்றைக்கு என் மனைவி வந்தபோது அவள் கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஏழு மணி நேரம் நின்றிருக்கிறாள். வாளியில் காலை விட்டுக்கொண்டு, "மாமனார் குடிச்சாராங்க?" என்றாள். ஏழாவது படி என்று எந்த வாயால் சொல்வது?

"குடிச்சிட்டார்," என்றேன். "போயிட்டார்."

அவள் கண் கலங்கிவிட்டது. "நல்ல மனுஷங்க. யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்ல."

கொன்றது கொன்றதுதான். திங்கட்கிழமை அவர் மாடியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், ஆனால் என்னால் அவரை எழுப்ப முடியவில்லை. அதன் பிறகு சீரியல் ஒரு வழியில் போயிற்று, நான் ஒரு வழியில் போனேன். மாமியாரைத் திருத்தி, மூத்த மகனோடு வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தேன். இளைய மருமகளுக்குக் கீழ்த்தளத்தில் தையல் யூனிட் வைத்துக் கொடுத்தேன். பதினெட்டுப் பெண்களுக்கு வேலை. மாமனார் நினைவாக அந்த வீட்டில் ஒரு லிஃப்டும் வைத்தேன். எட்டுப் பேர் ஏறலாம், கதவு தானாக மூடும். நல்ல கம்பெனி லிஃப்ட்.

இந்தக் கதையை அவள் மறுநாள் வார்டில் சொல்வாள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

*

அவள் ஓய்வு பெற்று வந்த முதல் திங்கட்கிழமை, ஏழரை மணிக்குப் புது நைட்டி போட்டுக்கொண்டு, சினிமாவுக்கு வந்தவள் மாதிரி சோபாவில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, இந்தம்மா எப்ப ஊர்லேந்து வந்தாங்க?"

"யாரு?"

"மாமியாருங்க. பெரிய பையன்கூடப் போய் செட்டில் ஆயிட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நேத்துதான் வந்தாங்க. பேரனுக்கு லீவு."

"நேத்து ஞாயித்துக்கிழமை. சீரியலே கிடையாது."

"அதான், நமக்குக் காட்டாம வந்துட்டாங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினாள். அப்போது மாடிப்படியில் இருமல் சத்தம். நான் கொன்ற மனிதர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். பாதிப் படியில் விளம்பரம் போட்டார்கள். என் ஆயுளில் ஒரு சோப்பு விளம்பரத்தை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

"இது யாருங்க?"

"மாமனாரோட தம்பி."

"அதே மரு அதே இடத்துல இருக்கு."

"குடும்ப மரு."

"லிஃப்ட் எங்க?"

"ரிப்பேர்," என்றேன். பழக்கதோஷம்.

மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு விழுங்கிவிட்டேன் என்று சொல்பவர்களை முப்பத்தைந்து வருஷம் பார்த்த கண் அது. அதற்கு முன்னால் நான் எம்மாத்திரம்? விளம்பரம் முடிவதற்குள் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். பால் டம்ளர், ஏழாவது படி, தையல் யூனிட், எல்லாம். கத்துவாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, மூணாம் நம்பர் பெட்!"

"என்ன பெட்?"

"ட்ராயிங் மாஸ்டருங்க. ரிடையர்டு. பேரன் போன்ல சீரியல் பாப்பார். வார்டுல நான் கதை சொல்றப்ப எல்லாம், 'சிஸ்டர், மாமனார் சாகலை, நேத்துகூட இருமினார்'னு சொல்லிட்டே இருப்பார். நான்தான் மாத்திரை மயக்கத்துல பாத்திருப்பீங்கன்னு அதட்டினேன். அப்பவும் அவர் ஒத்துக்கலை."

"அதுக்கு?"

"டாக்டர்கிட்ட சொல்லி அவருக்கு ஞாபக மறதி டெஸ்ட் எடுக்க வெச்சேங்க!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. டிவியை அணைத்தாள். சற்று நேரம் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் எந்தக் கேள்விக்காக முப்பத்தொரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேனோ, அதைக் கேட்டாள்.

"அப்ப, அந்தப் படம்?"

*

அந்தப் படம் என்றால் எங்கள் வீட்டில் ஒரே படம்தான்.

எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகி நாற்பதாவது நாள், முதல் தடவையாக இரண்டு பேரும் தனியாக சினிமாவுக்குப் போனோம். மேட்னி ஷோ. ஒரு படகோட்டி, தினமும் அவன் படகில் ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போகும் டீச்சர். இடைவேளைக்குச் சற்று முன்னால் டீச்சர் மடித்த கடிதம் ஒன்றை அவனிடம் கொடுக்கிறாள். அவன் அதைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைக்கிறான். மழை பிடிக்கிறது. விளக்குப் போட்டார்கள். திரையில் கையால் எழுதிய ஸ்லைடு ஒன்று வந்தது: 'ஆஸ்பத்திரி நர்ஸ் உடனே மேனேஜர் அறைக்கு வரவும்'. அந்தக் காலத்தில் செல்போன் ஏது? எங்கே போகிறோம் என்று டியூட்டி ரூமில் எழுதிவைத்துவிட்டு வந்திருந்தாள்.

போய்க் கேட்டுவிட்டு ஓடி வந்தாள். ஒரு பஸ் கவிழ்ந்து பதினேழு பேர் வந்திருக்கிறார்களாம். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க. ரெண்டு பேரும் பாதியில போனா எப்படி? முழுசாப் பாத்துட்டு வந்து எனக்குக் கதை சொல்லுங்க."

சரி என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அவள் நாற்காலிக்குக் கீழே குடை கிடப்பதைப் பார்த்தேன். வெளியே நிஜ மழை. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் ஏறிய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் போனேன். அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, குடையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். படத்தின் பின்பாதியை நான் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் அவளைச் சந்தித்தபோது உண்மையைச் சொல்லித்தான் இருப்பேன். ஆனால் நிச்சயமான நாற்பதாம் நாளே பின்னால் வந்து வேவு பார்ப்பவன், கல்யாணம் ஆனால் என்ன செய்வானோ என்று அவள் நினைத்துவிட்டால்? அதோடு ஒரு வாரத் தூக்கம் மொத்தமும் அவள் கண்ணில் நின்றது. உட்கார்ந்ததும் "படத்துல அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள், குடிக்கத் தண்ணீர் கேட்பது மாதிரி. நான் வாயைத் திறந்தேன். ஏதோ வந்தது. வந்ததைச் சொன்னேன்.

படம் பதினோரு நாள் ஓடிவிட்டுத் தியேட்டரை விட்டுப் போயிற்று. டிவியிலும் வரவில்லை. அவளுக்கு அதுதான் உலகத்திலேயே பிடித்த படம். பாதி பார்த்த படம். மீதிப் பாதியை ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். ஸ்ட்ரெச்சரில் படுத்து நடுங்குகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லுவாள். நடுக்கம் நின்றுவிடுமாம்.

இப்போது அவள் சொன்னாள்: "சீரியல் போகட்டும். அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. ஆனா அந்தப் படம் பொய்யின்னா, நான் அத்தனை பேர் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பொய் சொல்லியிருக்கேன். தெரியாம சொன்னேன்னு அவங்ககிட்ட போய் இப்பச் சொல்ல முடியுமா? எல்லாரும் அதை நம்பித்தாங்க கண்ணை மூடினாங்க. ஆபரேஷனுக்குன்னு சொல்றேன்."

"புரியுது."

"சொல்லுங்க. நீங்க சொன்னது படத்துல இருந்துச்சா, இல்லையா?"

"அந்தப் படத்துல நான் ஒரு இடத்துலகூடக் கை வைக்கலை," என்றேன். "சத்தியமா."

அவள் பெருமூச்சு விட்டாள். சத்தியம் பொய் இல்லை. பார்க்காத படத்தில் எப்படிக் கை வைப்பது?

*

ஐந்தாவது நாள் மகள் போன் செய்தாள். "அம்மாவுக்கு ரிடையர்மென்ட் கிஃப்ட். அப்பா, நீங்க கெஸ் பண்ணுங்க."

"ஷால்."

"அந்தப் படம்ப்பா! பழைய பிரின்ட்டைக் கண்டுபிடிச்சு யாரோ சுத்தம் பண்ணி நெட்ல போட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு எல்லாரும் சேந்து பாக்கிறோம்."

யாரோ. அந்த யாரோவை நான் வாயாரத் திட்டினேன். உலகத்தில் அழுக்கான விஷயம் எத்தனையோ இருக்க, சுத்தம் செய்ய இதுதானா கிடைத்தது?

ஞாயிறு இரண்டரைக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை விசாரிக்கும் வேலை. மரம்தான் வந்து என் வண்டியில் மோதியது என்று ஒருவன் சொன்னால், "என்ன வேகத்துல வந்துச்சு?" என்று பணிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளும் ஜாதி. நல்ல பையன். அன்றைக்கு மட்டும் வேறு யாராவது எனக்கு மாப்பிள்ளையாக இருந்திருக்கலாம்.

மூணு மணிக்கு டிவி வரவில்லை.

"கரென்ட் இல்லபோல," என்றேன்.

"ஃபேன் ஓடுதே," என்றாள் மனைவி.

"டிவி லைன் மட்டும் போயிருக்கும். எலெக்ட்ரீஷியன் செவ்வாய்க்கிழமைதான் வருவான்."

"முப்பத்தாறு வருஷம் லிஃப்டைப் பிரிச்சு மாட்டின மனுஷன், ஒரு ஃப்யூஸுக்கு எலெக்ட்ரீஷியனைத் தேடுறதைப் பாரு!"

மாப்பிள்ளை எழுந்துபோய் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். "மாமா, ஃப்யூஸ் போகலை. யாரோ கழட்டியிருக்காங்க."

"அப்படியா? யாரா இருக்கும் மாப்ள?"

"உங்க சட்டைப் பையில இருக்கு மாமா," என்றார் அதே பணிவோடு.

*

முன்பாதி ஓடியது. பிடித்த படத்தைத் திரும்பப் பார்க்கிறவர்கள் கண் கலங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு வியர்த்தது. கதாநாயகனுக்குத் துடுப்புப் போடத் தெரியவில்லை. பாதி நேரம் துடுப்பு காற்றிலேயே போய் வருகிறது, படகு தானாக நகர்கிறது. மீசை ஒரு காட்சியில் இடது பக்கமும் அடுத்த காட்சியில் வலது பக்கமும் தூக்கலாக இருக்கிறது. இதெல்லாம் அன்றைக்கு என் கண்ணில் ஏன் படவில்லை என்று யோசித்தேன். அன்றைக்கு நான் திரையைப் பார்த்ததைவிடப் பக்கத்து நாற்காலியைப் பார்த்ததுதான் அதிகம். பாட்டு வந்தபோது அவள் காலால் தாளம் போட்டாள். இன்றைக்கும் அதே பாட்டுக்கு அதே கால் அதே இடத்தில் தாளம் போட்டது. அதை நான் கவனித்துக்கொண்டிருந்தபோதே டீச்சர் கடிதத்தைக் கொடுத்துவிட்டாள். மழை பிடித்தது. இடைவேளை.

"இதோட நான் எழுந்து போனேன்," என்றாள் மனைவி. குரல் ஒரு மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை படத்தை நிறுத்தினார். மகள் எல்லோருக்கும் டீ ஊற்றினாள். "அத்தை, இனிமே என்ன வரும்? நீங்க சொல்லுங்க, சரியா வருதான்னு பாப்போம்," என்றார் மாப்பிள்ளை.

விசாரணை அதிகாரி வாக்குமூலம் வாங்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மனப்பாடமாகச் சொன்னாள். "டீச்சருக்கு டவுன்ல வேலை கிடைச்சுப் போயிடுவா. படகுல குடையை மறந்துட்டுப் போயிடுவா. அவன் லெட்டரைப் பிரிக்கவே மாட்டான், வேணாம்னு எழுதியிருந்தா என்ன பண்றதுன்னு பயம். குடையைக் கொடுக்கிற சாக்குல டவுனுக்குப் போவான். ஒரு பெரிய கட்டடம், பெரிய கேட்டு. கேட்டுல ஒரு வாட்ச்மேன். தும்மினா மூணு தும்மல், மூணாவது முடிஞ்சாத்தான் பேசுவாரு. எங்க பழைய ஆஸ்பத்திரியிலயும் இப்படி ஒருத்தர் இருந்தாரு தெரியுமா, அவரைப் பாத்துத்தான் எடுத்திருப்பாங்கன்னு நான் எப்பவும் சொல்லுவேன். அங்க ஒரு பெஞ்சு. ஒரு கால் ஒடிஞ்சு ரெண்டு செங்கல் வெச்சிருக்கும். இந்தப் பக்கம் உக்காந்தா அந்தப் பக்கம் தூக்கும். மழையில அதுலயே உக்காந்திருப்பான். ரெண்டாவது மாடி ஜன்னல்ல அவ நிழல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். எத்தனை தடவைன்னு எண்ணுவான். பதினாலு தடவை. அப்புறம் பிரிக்காத லெட்டரைக் குடைக்குள்ள வெச்சு, வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டுப் போயிடுவான்."

"அப்புறம்?" என்றாள் மகள். நூறு தடவை கேட்டவள்தான்.

"அவ குடையைப் பிரிப்பா. லெட்டர் விழும். அவன் படிக்கவே இல்லைன்னு தெரியும். நேரா ஆத்தங்கரைக்கு வந்து, படகுல ஏறி உக்காந்து, அவளே படிச்சுக் காட்டுவா: 'எனக்கு நீச்சல் தெரியாது. உங்க படகுல ஏறினா அது ஞாபகமே வர்றதில்ல.' அவ்வளவுதான் லெட்டர்."

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரமாதம் அத்தை," என்றார். பிறகு பட்டனை அழுத்தினார்.

*

பின்பாதியின் முதல் காட்சியிலேயே படகோட்டியை ஒரு லாரி அடித்துத் தூக்கியது. அவன் நினைவிழந்து ஒரு கடத்தல் கும்பலுக்குத் தலைவனானான். வெள்ளை கோட்டு, வெள்ளை ஷூ, வெள்ளை நாய்.

"இது எப்ப வந்துச்சு?" என்றாள் மனைவி.

"இதெல்லாம் சும்மா வரும்," என்றேன். "நான் சுருக்கிச் சொன்னேன்."

டீச்சருக்குக் கண் போயிற்று. மாடிப்படியில் உருண்டு விழுந்ததும் திரும்பி வந்தது. "தலையில அடிபட்டா ஸ்கேன் எடுக்கணும், பாட்டு எடுக்கக் கூடாது," என்றாள் மனைவி, அந்த நேரத்திலும். நாற்பது பேர் கப்பலில் நடனம் ஆடினார்கள். வில்லன் வீட்டில் குண்டு வெடித்தது. "இது எந்தப் பாலிசியிலயும் வராது," என்றார் மாப்பிள்ளை.

"மாப்ள, இது வேற பிரின்ட்டா இருக்கும்," என்றேன். "இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல மாத்திடறாங்க."

"முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி ஓடின அதே நீளம் மாமா. சென்சார் சர்ட்டிஃபிகேட்டுல போட்டிருந்தது, பாத்தேன்."

பார்த்திருப்பார். அவர் பார்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மனைவி தொடாத டீ ஆறி ஆடை படிந்திருந்தது. கதாநாயகன் வயிற்றில் குண்டடி பட்டு, டீச்சர் மடியில் தலை வைத்து, ஐந்து நிமிஷம் மூச்சு வாங்காமல் பேசினான். நாட்டைப் பற்றி, நாயைப் பற்றி, தங்கையைப் பற்றி. அவனுக்குத் தங்கை இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. டீச்சர் அழுதாள். நாய் அழுதது. படகு காலியாக ஆற்றில் போனது. 'முற்றும்' என்று எழுத்து எழும்பியது.

என்னால் பொறுக்க முடியவில்லை. துள்ளி எழுந்தேன், முழங்காலையும் மறந்து.

"அடப்பாவிங்களா, லெட்டர் என்னடா ஆச்சு?"

நான் அதோடு விடவில்லை.

"சட்டைப் பையில வெச்சானே! ஒரு தடவையாவது எடுத்துப் பாத்தானா? அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு சொல்லாமலே படத்தை முடிச்சிட்டானுங்களே! இதெல்லாம் ஒரு படமா?"

மகள் என்னை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நீங்க ஏற்கெனவே பாத்த படம்தானே இது?"

உட்கார்ந்தேன். முழங்கால் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேர் அவர் முன்னால் இப்படித் தாங்களாகவே மாட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் முகத்தில் வெற்றி தெரியவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

மனைவி வெறும் திரையைப் பார்த்தபடி கேட்டாள். "வாட்ச்மேன் வரவே இல்லையே?"

"அம்மா, படத்துல வாட்ச்மேனே கிடையாது," என்றாள் மகள்.

"பெஞ்சும் வரலை."

"வரலை."

அவள் உதட்டை அசைத்து எதையோ எண்ணினாள். மருந்துச் சீட்டைச் சரிபார்க்கும்போது அப்படித்தான் எண்ணுவாள். "மூணு தும்மல். எங்க கேட்டுல. நான் அங்க வேலை பாத்ததே எட்டு மாசம்தான், கல்யாணம் ஆனதும் மாத்திட்டாங்க. உங்களை நான் அங்க வரச் சொன்னதே இல்ல. அவர் மூணு தும்மல் போடுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் கையைப் பிசைந்தேன்.

"அன்னிக்கு ராத்திரி குடை கேட்டுல இருந்துச்சு. யாரோ கொடுத்துட்டுப் போனாங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. தியேட்டர்ல இருந்துதான் அனுப்பியிருக்காங்கன்னு நினைச்சு மறுநாள் போன் பண்ணி நன்றி சொன்னேன். மேனேஜரும் 'பரவாயில்லம்மா, எங்க கடமை'ன்னாரு."

"அயோக்கியன்," என்றேன். என்னையும் அறியாமல் வந்துவிட்டது.

அவள் இப்போது என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். "நீங்க இடைவேளைக்கு அப்புறம் படமே பாக்கலை."

"இல்ல."

"மழையில அந்த பெஞ்சுல உக்காந்திருந்தீங்க."

"இந்தப் பக்கம் உக்காந்தா அந்தப் பக்கம் தூக்கும்."

"ரெண்டாவது மாடி ஜன்னல். ரத்தம் எடுத்துட்டு ஓடிட்டே இருந்தேன் அன்னிக்கு. பதினாலு தடவையா?"

"இருபத்திரண்டு. குறைச்சுச் சொன்னேன்."

"ஏன்?"

"நம்புற மாதிரி இருக்கட்டும்னு."

மகள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

"கேட்டு வரைக்கும் வந்தவர், உள்ள வந்திருக்கலாமில்ல?"

"பார்வையாளர் நேரம் முடிஞ்சு போச்சுன்னாரு."

"நர்ஸைக் கட்டிக்கப் போறவன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன். மூணு தும்மல் போட்டுட்டு, 'எல்லாரும் அப்படித்தான் தம்பி சொல்றாங்க'ன்னாரு."

அவள் சிரித்துவிட்டாள். வார்டில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று முப்பத்தைந்து வருஷம் அடக்கிவைத்த சிரிப்பு. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அந்த லெட்டர் மட்டும்? அதை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளைகூட.

"எனக்கு நிஜமாவே நீச்சல் தெரியாது," என்றேன்.

அவள் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு சூடு பண்ணப் போனாள். எனக்கு மட்டும் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக் கொண்டுவந்தாள். டாக்டர் எனக்கு அரைக் கரண்டிதான் அனுமதித்திருக்கிறார். அதைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காப்பவள் அவள்தான்.

"அப்ப நான் அவங்ககிட்ட சொன்னது பொய்யில்ல," என்றாள், தனக்குத்தானே சொல்வது மாதிரி. "படத்துல நடக்கலை, அவ்வளவுதான்."

"க்ளெய்ம் பாஸ், அத்தை," என்றார் மாப்பிள்ளை.

"படம் பாஸ்," என்றாள். "சீரியல் கேஸ் தனி. அதை நான் விடறதா இல்ல."

*

மறுநாள் சாயங்காலம் தண்டனை வந்தது. வார்டில் கேட்டு வாங்கிய நம்பருக்கு அவளே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் முன்னால் வைத்தாள். மறுமுனையில் மூணாம் நம்பர் பெட். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். நிற்கத் தேவையில்லை, ஆனால் நின்றேன். மாமனார் சாகவே இல்லை, அவர் சொன்னதுதான் சரி, தவறு முழுக்க என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன்.

"பரவாயில்ல சார்," என்றார் ட்ராயிங் மாஸ்டர். "டெஸ்ட்ல முப்பதுக்கு இருபத்தொன்பது வாங்கினேன். டாக்டரே கை குலுக்கினார். அது இருக்கட்டும், சிஸ்டர் இருக்காங்களா?"

"இருக்கேன், சொல்லுங்க மாஸ்டர்."

"நான் டிஸ்சார்ஜ் ஆனதுலேந்து டிவியில வர்றதைத்தான் பாக்கிறேன் சிஸ்டர். மனசே ஒட்டலை. அந்த லிஃப்ட் வெச்ச வீடு. கீழ தையல் யூனிட். அந்த இளைய மருமக அப்புறம் என்ன ஆனா?"

மணி ஏழு முப்பத்தைந்து. டிவியில் மூத்த மருமகள் புதுப் பால் டம்ளரோடு மூன்றாவது படியில் நின்றுகொண்டிருந்தாள். என் மனைவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். காலை மடக்கி சோபாவில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் மாஸ்டர்," என்று போனில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"ம், சொல்லுங்க."